பிறர் வினையை நாம் ஏற்கலாகுமோ?

புகார் நகரிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட கோவலன் கண்ணகியரோடு உடன் நடந்த கவுந்தியடிகள், வழியின் இயல்பை முன்னதாகவே எடுத்துரைப்பதாக இளங்கோவடிகள் நாடுகாண் காதையில் அமைத்துள்ளார். கழனிகளின் ஊடே சென்றால் காலடியில் நண்டும் நத்தையும் அகப்பட்டு நோவும், அத்துன்பத்தைக் கண்டு தாங்குதல் அரிது என்பது அம்மூதாட்டியின் கவலை. காவிரியின் கரையில், நெல்வயல்களின் நடுவில், ஓர் அருக சமயத் துறவி தம் அடுத்த காலடியைப் பற்றிக் கொண்ட கவலை அது. முனிவர்க்குரிய சமிதிகள் ஐந்தனுள் முதலாவதாகிய ஈரியா சமிதி, முன்னே நான்கு முழ அளவு நிலத்தை நோக்கி உயிர்க்கு ஊறின்றி நடத்தல் என்பது. அதைச் சோழநாட்டு வரப்பின்மேல் வைத்துக் காட்டிய இடமாக இப்பகுதியை நான் பலமுறை படித்ததுண்டு.

கவுந்தியடிகளுக்கு ஓர் எளிமை இருந்தது. நடந்த கால்கள் அவருடையவை. அடிபட்டு ஓர் உயிர் மாய்ந்தால் அவ்வினை யாருடையது என்ற வினாவே எழாது. இன்று அதே நிலப்பரப்பில் உழுவுந்தும் அறுவடை இயந்திரமும் மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் ஓடுகின்றன. ஊர்தி ஒருவருடையது, ஓட்டுபவர் இன்னொருவர், போய் வா என்று அனுப்பியவர் மூன்றாமவர். அபராதச் செய்தியோ பதிவுச் சான்றில் யார் பெயர் உள்ளதோ அவருடைய கைப்பேசிக்கு வருகின்றது. தஞ்சை வட்டாரத்துச் சிற்றூர்களில் வண்டியை இரவல் கேட்பது, மண்வெட்டியை இரவல் கேட்பது போன்ற இயல்பான செயல். மறுப்பவன் கருமி எனப்படுவான். கும்பகோணத்திற்குப் போன வண்டி தலைக்கவசமின்றிப் போனது என்பது வீட்டில் இருப்பவர்க்கு எப்படித் தெரியும்? ஆயிரம் ரூபாய் கட்டுக என்ற குறுஞ்செய்தி வந்தபின் தெரியும்.

பணம் மட்டுமே எனில் இதனை ஒரு கட்டுரைப் பொருளாக எடுத்திருக்க மாட்டேன். பணத்திற்கு அப்பால் ஒரு வாக்குமூலம் உண்டு. ஓட்டியவர் யார் என்று உரிமையாளர் சொல்ல வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 133-ஆம் பிரிவு இதனைக் கடமையாகவே வைத்திருக்கின்றது. அதிகாரம் பெற்ற காவல் அலுவலர் கேட்டால், ஓட்டியவரின் பெயர், முகவரி, உரிமம் பற்றித் தமக்குத் தெரிந்ததையும், முயன்றால் தெரிந்துகொள்ளக் கூடியதையும் உரிமையாளர் கூறியாதல் வேண்டும். அறிந்தே பொய் கூறினால் 179-ஆம் பிரிவின்படி ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நம் குடும்பங்களில் என்ன நடக்கின்றது? உரிமம் உள்ளவர், வயது முதிர்ந்தவர், இனி உத்தியோகம் தேட வேண்டாதவர் ஒருவர், "நான்தான் ஓட்டினேன்" என்று எழுதிக் கொடுத்துவிடுகின்றார். அதனை எவரும் பொய் என்று கருதுவதில்லை. பெருந்தன்மை என்றே கருதுகின்றோம்.

நானும் ஓர் இரவு முழுவதும் அவ்வாறே கருதினேன்.

2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த வேளையில், பருவம் தவறி மழை பெய்ததை டெல்டா விவசாயிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் நெல் கொள்முதல் நிலையத்தின் வெளியில் திறந்த களத்தில் குவிந்து கிடந்தது. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. என் தங்கை மகன் அப்போது எங்கள் வீட்டில் இருந்தான். பத்தொன்பது வயது; பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு. என் மோட்டார் சைக்கிளின் சாவியைக் கொடுத்து, "ஓடு, கடை மூடுவதற்குள் இரண்டு தார்ப்பாய் வாங்கி வா" என்றேன். போனான். திரும்பும் வழியில், வாய்க்கால் பாலத்தின் இறக்கத்தில், தூறலில், தலையில் புற்கட்டோடு வந்த வேலையாள் அம்மையார் ஒருவரை இடித்துவிட்டான். அவருக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. தேநீர்க் கடையில் இருந்தவர்கள் அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். இவன் அஞ்சி வீடு வந்து சேர்ந்தான். வண்டியின் எண்ணை ஒருவர் குறித்திருந்தார். இரவு எட்டு மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. காலையில் வந்து, வண்டியை ஓட்டியவர் யார் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நிதானமாகவே பேசினார்கள்.

தங்கை அன்றிரவே வந்துவிட்டாள். "அண்ணா, நீங்கள் ஓட்டியதாகச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? அவனுக்கு வளாகத் தேர்வில் வேலை கிடைக்கும் நேரம். ஒரு வழக்கு என்று வந்தால் போயிற்று" என்றாள். என் மனைவியும் அதையே கூறினாள். நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளூர எனக்கு ஒரு நிறைவு தோன்றியது. தாய்மாமன் கடமை என்று நினைத்தேன். தியாகம் என்றும் நினைத்தேன். இருட்டில் அந்த அம்மையாருக்கு முகம் தெரிந்திருக்காது, தலைக்கவசம் வேறு, என்ற கணக்கும் மனத்தின் ஓர் ஓரத்தில் ஓடியது. தியாகத்திற்கு அந்தக் கணக்கு எதற்கு என்று அப்போது தோன்றவில்லை.

நம் சமயம் இவ்விடத்தில் என்ன சொல்லுகின்றது என்பதைச் சிறுவயது முதல் கேட்டு வந்தவர்கள் நாம். வினை செய்த உயிரே அதன் பயனை நுகரும். ஒருவர் ஈட்டிய புண்ணியத்தை மற்றொருவர்க்கு எழுதிவைக்க இயலாது; பாவத்தையும் அவ்வாறே. அருகப் பெருமானும் நம் வினையைத் தம்மேல் ஏற்றுக்கொள்வார் என்று நாம் வேண்டுவதில்லை. உயிர், உயிரல்லது, புண்ணியம், பாவம், ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு, கட்டு, வீடு என்னும் ஒன்பது பதார்த்தங்களுள் கைமாற்று என்று ஒன்று இல்லை. ஆகவே நான் ஏற்கிறேன் என்று சொல்லுவதால் அவன் வினையிலிருந்து ஓர் அணுவும் குறையாது. அவன் வினை அவனிடத்திலேயே இருக்கும். என் பொய் என்னிடத்தில் புதிதாக ஊறும். ஒன்று இருந்த இடத்தில் இரண்டாகும்.

இது எளிய விடை. இத்தோடு நின்றால், வினை மாறாது என்ற கொள்கையைக் கொண்டு உரிமையாளர் கைகழுவிவிடலாமே என்று ஒருவர் கேட்கக் கூடும். "ஓட்டியவன் அவன், எனக்கும் இதற்கும் என்ன?" என்று சொல்லிவிடலாமே?

சொல்லலாகாது என்பதற்குத் தசலட்சண நாள்களில் நாம் ஓதக் கேட்கும் தத்துவார்த்த சூத்திரமே சான்று. அதன் ஆறாம் அத்தியாயத்தில் வினை ஊறும் வாயில்கள் எண்ணப்படுகின்றன. எண்ணுதல், அதற்கு வேண்டுவன கூட்டுதல், செய்யத் தொடங்குதல் என மூன்று. அவை மனம், மொழி, மெய் என்ற மூன்றால் ஒன்பது. தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்தவரை உடன்படுதல் என்ற மூன்றால் இருபத்தேழு. சினம், செருக்கு, வஞ்சனை, அவா என்ற நான்கால் நூற்றெட்டு. ஜபமாலையின் மணிகள் நூற்றெட்டாக அமைந்தது இக்கணக்கினாலேயே என்று பெரியோர் கூறுவர். செய்தவனுக்கு எவ்வாறு ஊறுகின்றதோ, செய்வித்தவனுக்கும் உடன்பட்டவனுக்கும் அவ்வாறே தனித்தனியே ஊறுகின்றது. செய்தவனுடைய வினையில் பங்கு பிரித்துக் கொடுப்பதன்று இது. செய்வித்தவன் வினை வேறு. அது முழுதும் அவனுடையதே.

தமிழ்ச் சமணர்க்கு இவ்வாதம் புதியதன்று. நீலகேசி பௌத்தரோடு ஊனுண்டல் பற்றி வாதிடும் பகுதியை நினைவு கூர்க. கொன்றவனுக்கே கொலைப்பாவம், விலைக்கு வாங்கி உண்பவனுக்கு அன்று என்பது எதிர்த்தரப்பு. வாங்குவோர் உள்ளமையால் அன்றோ கொல்வோர் உளர் என்று நீலகேசி மடக்குகின்றாள். 1936-இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அந்நூலைச் சமய திவாகர வாமன முனிவர் உரையோடு பதிப்பித்தார். அந்தப் பகுதியைப் படித்துவிட்டுப் புலால் கடைக்காரனை நோக்கித் தலையசைக்கும் நாம், சாவி கொடுத்தவனை நோக்கி அதே வாதத்தைத் திருப்புவதில்லை.

அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தபோது, நான் எழுதிக் கொடுக்கவிருந்த வாசகத்தை மனத்துள் அமைத்துப் பார்த்தேன். "நான் ஓட்டி வந்தபோது" என்று தொடங்கும்போதே, ஓட்டியவனுக்கு உரிமம் உண்டா என்ற கேள்வி நினைவில் எழுந்தது. அவனிடம் இருந்தது பழகுநர் உரிமம். அது ஆறு மாதமே செல்லும். அந்த ஆறு மாதம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. முடிந்த நாளன்று அவனே என்னிடம் வந்து, "மாமா, தேர்வுக்குப் பதிய வேண்டும்" என்று சொல்லியிருந்தான். அறுவடை முடியட்டும் என்று நானே சொன்னேன். அப்படியானால் சாவியைக் கொடுத்தபோது எனக்குத் தெரியும். தெரிந்தும் நினைக்கவில்லை. "ஓடு" என்று சொன்னதும் நான். கடை மூடிவிடும் என்று விரட்டியதும் நான். அவனுடைய வேகத்தில் ஒரு பகுதி என் வாயிலிருந்து போனது.

இதைக் கண்டபோது எனக்கு உண்டான நாணத்தை இங்கு எழுதுவது கடினம். அவன் குற்றத்தை என் தோளில் ஏற்றிக்கொள்ள நான் காட்டிய ஆர்வம், என் குற்றத்தை என் கண்ணிலிருந்தே மறைத்திருந்தது. பிறனுடைய வினையை ஏற்பவனாக நிற்பது இனிமையாக இருந்தது. என் சொந்த வினையை ஏற்பவனாக நிற்க யாரும் என்னை அழைக்கவில்லை, நானும் போகவில்லை. காவல் நிலையத்தில் "நான் ஓட்டினேன்" என்று சொல்லியிருந்தால், உரிமம் உள்ள ஒரு முதியவர் மழையில் தவறிவிட்டார் என்ற அளவில் எல்லாம் முடிந்திருக்கும். உரிமம் காலாவதியானவனிடம் சாவி கொடுத்தவன் என்று ஒருவன் அந்தப் பதிவேட்டில் இருந்திருக்கவே மாட்டான்.

சட்டம் இவ்விரண்டையும் வெவ்வேறாகவே வைத்திருக்கின்றது என்பதைப் பின்னர் வழக்கறிஞரான நண்பர் ஒருவர் காட்டினார். உரிமமற்றவரை ஓட்டவிட்ட உரிமையாளருக்கு 180-ஆம் பிரிவு. 2019-இன் திருத்தத்திற்குப் பின் அபராதம் ஐயாயிரம் ரூபாய், சிறை மூன்று மாதம் வரை. ஓட்டியவனுக்கு உரியது தனியே. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், அதே திருத்தம் சேர்த்த 199அ பிரிவின்படி பாதுகாவலரோ உரிமையாளரோ குற்றவாளியாகக் கொள்ளப்படுவர்; மூன்றாண்டு வரை சிறையும் இருபத்தையாயிரம் ரூபாய் அபராதமும் உண்டு; வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் நீக்கப்படும்; அப்பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் இல்லை. ஆனால் தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தாம் தடுக்க வேண்டிய கவனம் அனைத்தும் எடுத்ததாகவோ மெய்ப்பித்தால் பெரியவர்க்குக் குற்றமில்லை. அறிவும் கவனமும் இங்கே அளவுகோல். கவனமின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என்று வரையறுத்த நம் ஆசிரியர்க்கு இச்சட்டம் அந்நியமாகத் தோன்றியிராது.

வண்டியே ஒரு பற்று என்பதையும் நாம் மறக்கலாகாது. புறப்பற்றுகளைப் பத்தாக எண்ணுமிடத்தில் நிலம், மனை, பொன், தானியம் முதலியவற்றோடு யானமும், அதாவது ஊர்தியும், சேர்க்கப்படுகின்றது. இல்லறத்தார்க்கான குணவிரதங்களில் அனர்த்த தண்டத்தை விலக்குதல் ஒன்று. சமந்தபத்திரர் அதனை ஐந்தாக வகுத்து, கோடரி, வாள், மண்வெட்டி, நெருப்பு முதலிய ஊறு செய்யும் கருவிகளைப் பிறர்க்கு வழங்குதலை இம்சாதானம் என்றார். அவருடைய இரத்தினகரண்டகத்தைத் தழுவிய தமிழ் நூல் அருங்கலச்செப்பு. தார்ப்பாய் வாங்க அனுப்பியது பயனற்ற செயலன்றே, நெல்லைக் காப்பது வேளாண் தொழிலன்றோ என்று என்னை நானே தேற்றிப் பார்த்தேன். அது ஒருவாறு சரியே. ஆனால் நெருப்பைக் கொடுப்பவன், வாங்குபவன் கையில் அது அணையாமலும் பரவாமலும் போகுமா என்று ஒரு கணம் பார்ப்பான். நான் பார்க்கவில்லை.

இனிப் பொய்யின் பக்கம். சத்திய அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் கூறுகின்றது. அவற்றுள் ஒன்று கூடலேகக் கிரியை. பொய்யான எழுத்தை உண்டாக்குதல். வாய்தவறிச் சொல்லும் பொய்யைவிட இது வேறுபட்டது என்று முன்னோர் தனியே எடுத்து வைத்தமைக்குக் காரணம் இருக்க வேண்டும். எழுதிய பொய் எழுதியவனைவிட நீண்ட நாள் வாழும். அதன்மேல் பிறர் முடிவு செய்வர்.

அயல்நாடுகளில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் உலகறிந்தவை. அங்குப் பல நாடுகளில் விதிமீறலுக்குப் பணத்தோடு புள்ளிகளும் உரிமத்தில் ஏறும். பிரிட்டனில் மூன்றாண்டில் பன்னிரண்டு புள்ளி சேர்ந்தால் பொதுவாக ஓட்டும் உரிமை போய்விடும். 2003-இல் கிறிஸ் ஹ்யூன் என்ற அரசியல்வாதியின் கார் அதிவேகமாகப் போனதைக் கருவி பதிவு செய்தது. அவருடைய மனைவி, பொருளியலறிஞர் விக்கி பிரைஸ், தாமே ஓட்டியதாகக் கூறி மூன்று புள்ளிகளை ஏற்றார். கணவர் பின்னர் அமைச்சரானார். மணவாழ்வு முறிந்தபின் 2011-இல் செய்தி வெளிவந்தது. 2013 மார்ச்சில், நீதியின் போக்கைத் திரித்த குற்றத்திற்காக இருவருக்கும் எட்டெட்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது. வேகத்திற்குச் சிறை இல்லை. அந்த ஒரு கையெழுத்துக்கே சிறை. ஆஸ்திரேலியாவில் மார்கஸ் ஐன்ஃபெல்ட் என்ற ஓய்வுபெற்ற கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி, 2006-இல் எழுபத்தேழு டாலர் அபராதத்தைத் தவிர்ப்பதற்காக, அன்று தம் காரை ஒரு பேராசிரியை ஓட்டியதாகச் சத்தியம் செய்தார். அந்த அம்மையார் 2003-லேயே இறந்துவிட்டவர். 2009-இல் அந்நீதிபதிக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஒருவர் பிறர் பழியை ஏற்றார்; மற்றவர் தம் பழியைப் பிறர்மேல், அதுவும் மறுக்க வாயில்லாதவர்மேல், ஏற்றினார். பெருந்தன்மையும் வஞ்சனையும் ஒரே படிவத்தில் ஒரே கட்டத்தில் எழுதப்படுகின்றன.

இவற்றினும் என்னைச் சிந்திக்க வைத்தது இத்தாலி நாட்டுச் செய்தி. அங்கு ஓட்டியவர் யாரென்று தெரியாவிடில் உரிமையாளரின் உரிமத்திலிருந்தே புள்ளிகளைக் கழிக்கும் விதி இருந்தது. 2005-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்று தீர்த்தது. பணத்தை உரிமையாளரிடம் வாங்கலாம், ஆனால் புள்ளி, ஓட்டியவரின் நடத்தையைப் பற்றியது, அவரைத் தொடர்வது, பிறர்மேல் சார்த்தலாகாது. பொருள் கைமாறும், வினை கைமாறாது என்று நம் உபதேசிகள் சொல்லுவதை வேறொரு மொழியில் கேட்டது போல இருந்தது. ஆகவே தங்கை மகனுக்காக நான் அபராதப் பணத்தைக் கட்டுவேன் என்றால் அது தானம், வெளிப்படையாகக் கட்டலாம். அவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயரை எழுதுவது தானமன்று.

நம் பக்கத்திலேயே, திருவாரூரில், கல்தேர் நிற்கின்றது. மனுநீதிச் சோழன் வரலாற்றைச் சிலப்பதிகாரத்தில் கண்ணகி குறிப்பிடுகின்றாள், பெரியபுராணம் விரித்துரைக்கின்றது, இலங்கையின் மகாவமிசம் எல்லாளன்மேல் வைத்து ஏறத்தாழ அதே கதையைச் சொல்லுகின்றது. ஒரு கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இடுவது நம் அகிம்சைக்கு ஒத்ததன்று. அதனை நான் புகழ மாட்டேன். ஆனால் பெரியபுராணக் கதையில் இரண்டு இடங்கள் கருதத்தக்கவை. பரிகாரம் செய்து முடித்துவிடலாம் என்று அமைச்சர் சொல்ல அரசன் மறுக்கின்றான். இளவரசன்மேல் தேரைச் செலுத்த ஏவப்பட்ட அமைச்சரோ அது செய்யாது தம் உயிரையே விடுகின்றார். அந்த உயிரை அரசன் மகனுடைய கடனுக்கு ஈடாக வரவு வைக்கவில்லை. ஓர் அப்பாவி மாண்டான். கணக்கு அப்படியே நின்றது.

ஏவலர் உயிர்விடுவது கதையில் மட்டுமன்று. 2024 மே மாதம் பூனாவில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் விலையுயர்ந்த கார் மோதி இளைஞர் இருவர் மாண்டனர். குடும்பத்தின் ஓட்டுநரைப் பழியை ஏற்கும்படி வற்புறுத்தினார்கள் என்று காவல்துறை சிறுவனின் தந்தையையும் பாட்டனாரையும் கைது செய்தது. அதன் முடிவு நீதிமன்றத்தின் பாற்பட்டது. ஆயினும் அச்செய்தியைப் படித்த நம் மிராசு வழிவந்த குடும்பங்களில் எவரேனும் வியப்படைந்திருப்பார்களா? பண்ணையாளும் வண்டிக்காரனும் எசமானர் வீட்டுப் பிள்ளைக்காக முன்னே நிற்பது இந்நாட்டில் வழக்கமாக இருந்ததே. பழி ஏற்றல் என்பது மேலிருந்து கீழே, பணம் உள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்திற்கே பெரும்பாலும் பாய்கின்றது. தாய்மாமன் மருமகனுக்காக ஏற்பது இதற்கு விலக்குப் போலத் தோன்றும். ஆனால் ஒருமுறை அவ்வழி திறந்தால், நாளை அவன் யாரை முன்னே நிறுத்துவான்?

திருக்குறளை எடுத்துக் காட்டுவார் உண்டு. குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தது என்று வாய்மை அதிகாரம் கூறுகின்றதே என்பர். என் தங்கையும் அன்றிரவு அதைத்தான் சொன்னாள். நம் ஆசாரியர் இயற்றியதென நாம் போற்றும் நூலாயிற்றே என்றும் சேர்த்துக்கொண்டாள். நான் அவளிடம் கேட்டது ஒன்றே: அந்த நன்மையில் கால் முறிந்து கிடக்கும் அம்மையாருக்கு என்ன இருக்கின்றது? அவள் விடுவதாக இல்லை. உரிமம் இல்லாதவன் ஓட்டினான் என்றால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது, அம்மையாருக்கே நட்டம், ஆகையால் பொய்யே அவருக்கும் நன்மை என்றாள். வல்லமையான வாதம். ஆனால் உண்மையன்று. நேஷனல் இன்சூரன்சு நிறுவனத்திற்கும் சுவரண் சிங் என்பாருக்கும் நடந்த வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய நிலையிலும் பாதிக்கப்பட்டவர்க்கு நிறுவனத்தையே கொடுக்கச் செய்து, பின்னர் உரிமையாளரிடமிருந்து மீட்டுக்கொள்ள வழி வைத்திருக்கின்றது. அப்படியானால் பொய்யால் காப்பாற்றப்படுவது அம்மையாரின் பணமன்று, என் பணம்.

காலையில் இருவரும் சென்றோம். ஓட்டியவன் அவன் என்று எழுதினேன். அவனுடைய பழகுநர் உரிமம் முடிந்தது தெரிந்திருந்தும் சாவி கொடுத்து, விரைந்து வரச் சொன்னவன் நான் என்றும் எழுதினேன். எழுதிக்கொண்ட காவலர் இரண்டாவது வாக்கியம் தேவையா என்பது போல நிமிர்ந்து பார்த்தார். அவன் தன் வாக்குமூலத்தைத் தானே எழுதினான், கை நடுங்கியது. பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். எனக்கு உரியதை நான் கட்டினேன். அவனுடையதையும் நானே கட்ட முன்வந்தபோது அவன் ஒப்பவில்லை. கோடை விடுமுறையில் ஒரு பட்டறையில் வேலை செய்து அடைத்தான். அவ்வாண்டு வந்த வேலை ஒன்று வழக்கின் காரணமாகத் தள்ளிப்போயிற்று. அது சிறிய இழப்பென்று நான் சொல்ல மாட்டேன். தங்கையும் அப்படிக் கருதவில்லை.

அந்த அம்மையாரை நாங்கள் மூன்று முறை பார்த்தோம். நடவும் களையும் இல்லாத மூன்று மாதக் கூலியை, அவர் கேட்காமலே, கொடுத்தோம். முதல் முறை அவன் தலைகுனிந்து நின்றபோது, அவர் அவனைப் பார்த்து, "ஏனப்பா அவ்வளவு வேகம்?" என்று மட்டும் கேட்டார். அவன் விடை சொல்லவில்லை. நான் சொன்னேன். "நெல் நனையும் என்று நான்தான் விரட்டினேன், அம்மா." அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, "நெல் நனைந்ததா?" என்று கேட்டார். நனைந்தது என்றேன்.

அவ்வாண்டு தீபாவளியன்று மகாவீரர் நிர்வாண பூசைக்குத் தங்கை கரந்தை ஆதீஸ்வரர் ஆலயத்திற்கு வந்திருந்தாள். விளக்கு வரிசையில் என் பக்கத்திலேயே நின்றாள். அவளுடைய அகலில் எண்ணெய் குறைந்திருந்தது. என் கிண்ணத்தை நீட்டினேன். வாங்கி ஊற்றிக்கொண்டாள். ஒன்றும் பேசவில்லை.